கண் மஞ்சளானால் உடனே வாருங்கள்

காசநோய்ப் பிரிவில் முதல் தடவை மருந்து வாங்க வருகிறவரிடம் நான் முதலில் பேசுவது சிறுநீரைப் பற்றித்தான். "நாளையிலிருந்து ஆரஞ்சு கலர்ல போகும். ரத்தம் இல்ல, பயப்படாதீங்க." கூச்சப்பட்டுச் சிரிப்பார்கள். சொல்லாமல் விட்டால் மூன்றாம் நாளே மாத்திரையை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். ரிஃபாம்பிசினின் நிறமே அப்படி. வியர்வை, கண்ணீர்கூட லேசாக நிறம் மாறும்.

ஒரே மாத்திரைக்குள் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் என்று நான்கு மருந்துகள். எடை 35 முதல் 49 கிலோ என்றால் தினம் மூன்று மாத்திரை, 50 முதல் 64 என்றால் நான்கு. "எதுக்கு மேடம் இத்தனை?" என்று கேட்காதவர் குறைவு. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தபோது, தேறிவந்த பலர் சில மாதங்களில் மறுபடி படுத்தார்கள். அந்த மருந்துக்கு மசியாத கிருமிகள் மிஞ்சிப் பெருகிவிட்டன. ஒன்றுக்குத் தப்பியது இன்னொன்றில் மாட்ட வேண்டும், அதற்குத்தான் கூட்டு மருந்து. ஐசோனியாசிட்டும் எத்தாம்புட்டாலும் கிருமியைச் சுற்றியுள்ள மெழுகுச் சுவரின் வெவ்வேறு பகுதிகளைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. நம் செல்களுக்கு அப்படியொரு சுவரே கிடையாது. கிருமி தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியை ரிஃபாம்பிசின் முடக்குகிறது. பதுங்கிக் கிடப்பவற்றைப் பைரசினமைடு கவனித்துக்கொள்ளும். ஒன்பது மாத சிகிச்சை ஆறு மாதமானது அதனால்தான்.

அந்த ஆறு மாதத்தை ஓட்டுவதுதான் பாடு. இரண்டாவது மாதம் இருமல் நின்று, எடை ஏறி, "சரியாயிடுச்சு மேடம்" என்று வந்து நிற்பார்கள். ஆனால் உள்ளே கிருமி இன்னும் மிச்சமிருக்கும். குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். சும்மா கிடப்பதை மருந்து சுலபமாகத் தொடாது என்பதால், அது விழிக்கும்வரை நாம் மாத்திரை சாப்பிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பாதம் மதமதப்பது ஐசோனியாசிட்டால். பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6 மாத்திரை சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். மூட்டுவலி பைரசினமைடால் வரும், பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். கண் விஷயம் அப்படியில்லை. தையல் வேலை பார்க்கும் ஒரு அக்கா, "செவப்பு நூலும் பச்சை நூலும் ஒரே மாதிரி தெரியுது" என்றார். வயதாகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். எத்தாம்புட்டால் பார்வை நரம்பைத் தொட்டதன் அடையாளம் அது. டாக்டர் அன்றே அதை நிறுத்திக் கண் பிரிவுக்கு அனுப்பினார். சீக்கிரம் பிடித்ததால் நிறம் மெல்லத் திரும்பியது.

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடும் பெண்களைத் தனியாக அழைத்துச் சொல்வேன்: ரிஃபாம்பிசின் கல்லீரலை வேகப்படுத்தி, அந்த மாத்திரையைச் சீக்கிரம் கரைத்துவிடும், வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று. தாளில் அச்சடித்துக் கொடுத்தால் போதும் என்பார்கள் சிலர். மாமியார் கண்ணில் படும் தாளை யார் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்?

எனக்கு நிஜமாகவே பயம் தருவது கல்லீரல்தான். நான்கில் மூன்று மருந்துகள் அதைப் பாதிக்கலாம். காமாலையிலும் சிறுநீர் நிறம் மாறும், ஆனால் ஆரஞ்சுக்குப் பழகியவர் அதைக் கவனிக்க மாட்டார். அதனால் கண்ணாடியில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள், சாப்பாடு பிடிக்காமல் வாந்தி வந்தால் அன்றைக்கே வாருங்கள் என்பேன். சிலர் மாத்திரையையும் விடாமல் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு பத்து நாள் கழித்து வருவார்கள். அது ஆபத்து. டாக்டர் எல்லா மருந்தையும் நிறுத்தி, கல்லீரல் தேறிய பிறகு ஒவ்வொன்றாக, இடையில் ரத்தம் பார்த்துப் பார்த்துத் திரும்பத் தொடங்குவார். பைரசினமைடை மட்டும் விட்டுவிட்டு, சிகிச்சையை ஒன்பது மாதமாக நீட்டுவதும் உண்டு.