வெரிகோஸ் அறுவைக்கு முன் டாப்ளர் ஸ்கேன் ஏன் அவசியம்?

காலில் புடைத்து நெளிந்து கிடக்கும் வெரிகோஸ் சிரையை (சிரை என்பது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்) கண்ணால் பார்த்த மாத்திரத்தில், எதை அகற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட முடியாது என்பது ஒலியலைகளைக் கொண்டு ரத்த ஓட்டத்தைத் திரையில் காட்டும் டாப்ளர் ஸ்கேனை என் காலுக்கு எடுத்தபோதுதான் எனக்குத் தெளிவானது. வெளியே தெரியும் சுருட்டல் விளைவு மட்டுமே. அதற்குக் காரணம், ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வின் பழுது. அது பெரும்பாலும் சற்று மேலே, தொடை இடுக்கில் மேற்சிரை (தோலுக்கடியில் ஓடுவது) ஆழ்சிரையோடு (தசைகளுக்கு இடையே ஓடுவது) சேரும் இடத்திலோ, முழங்காலின் பின்மடிப்பிலோ ஒளிந்திருக்கும்.

பரிசோதனை நின்றபடியே நடக்கிறது. பார்க்கப்படும் காலைத் தளர்த்தி, உடல் எடையை மற்றக் காலில் தாங்கி நிற்க வேண்டும். தொடையில் ஜெல் தடவிக் கருவியை வைத்துக்கொண்டே கெண்டைச் சதையை ஓர் அழுத்து அழுத்தி விடுகிறார்கள். அழுத்தும்போது ரத்தம் மேலேறுவது திரையில் ஒரு நிறமாகத் தெரிகிறது. விட்டவுடன் வால்வு மூடிக்கொண்டால் திரை இருண்டுவிடும். மூடாவிட்டால் எதிர் நிறம் பாய்ந்து வந்து அப்படியே நிற்கும். இந்தப் பின்னோட்டம் மேற்சிரையில் அரை நொடிக்கு மேல் நீடித்தால் வால்வு பழுது என்று கணக்கு. கதிர்வீச்சும் இல்லை, ஊசியும் இல்லை.

என்னைப் பொறுத்தவரை இதன் பெரும்பயன் ஆழ்சிரைகளைக் காட்டுவதுதான். முன்பு எப்போதோ ரத்தக்கட்டு ஏற்பட்டு ஆழ்சிரை அடைபட்டிருந்தால், மேலே வீங்கித் தெரியும் அந்தச் சிரைகளே ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் மாற்றுப்பாதையாக இருக்கக்கூடும். அதை அறியாமல் அடைத்தாலோ அகற்றினாலோ வீக்கமும் வலியும் கூடும். முழங்காலுக்குப் பின்னால் வேறொரு சிக்கல் உண்டு: கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் சிறிய மேற்சிரை ஆழ்சிரையோடு இணையும் உயரம் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதால், ஸ்கேன் இல்லாமல் வெட்டுவது குத்துமதிப்பான வேலைதான். சிரையைச் சூட்டால் உள்ளிருந்தே மூடும் லேசர், ரேடியோ அதிர்வலை முறைகளிலும் சிரையின் அகலம், வளைவு, தோலிலிருந்து அதன் ஆழம் ஆகியவற்றை அறிந்த பிறகே உள்ளே குழாயைச் செலுத்த முடியும்.

சுவீடனில் நடந்து 2005இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், முன்கூட்டியே ஸ்கேன் செய்யப்பட்ட கால்களுக்கு மறு அறுவை குறைவாகவே தேவைப்பட்டது. மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பும் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், நோயை உறுதிசெய்யவும் சிகிச்சையைத் திட்டமிடவும் இந்த ஸ்கேனையே பரிந்துரைத்தது. பழுதின் மூலத்தைத் தொடாமல் விட்டால் சுருட்டல் திரும்பவும் தலைகாட்டும் என்பதால், இதில் வியப்பு எதுவும் இல்லை.

“ஸ்கேன்தான் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதே” என்று சிலர் சொல்வதுண்டு. ரத்தக்கட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதற்காகப் படுக்க வைத்து எடுத்த ஸ்கேன் இதற்குப் போதாது. எந்தச் சந்திப்பில் பின்னோட்டம், எவ்வளவு நேரம், சிரையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், ஆழ்சிரை திறந்திருக்கிறதா என்ற விவரங்கள் அறிக்கையில் இல்லையென்றால் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

அறுவை நாளன்று மறுபடியும் நிற்க வைத்துப் பேனாவால் தோலில் கோடு போட்டுக்கொள்வார்கள். மேசையில் படுத்தவுடன் புடைத்த சிரைகள் வடிந்து தட்டையாகிவிடுவதால், மருத்துவருக்கு அப்போது வழிகாட்ட அந்தக் கோடுகள் வேண்டும்.