வயிறு உப்பினால் சென்பி

சீனாவின் குவாங்சோ நகரத்துக்கு வேலைக்கு வந்த பிறகு, வயிறு உப்பிக்கொண்டால் நான் தேடுவது சென்பியைத்தான். நன்றாகக் காய்ந்த ஆரஞ்சுத் தோல் அது. குவாங்சோ இருக்கும் இதே குவாங்டாங் மாகாணத்தின் சின்ஹுயியில் விளையும் பழத்தின் தோல்தான் உசத்தி. மூன்று இதழாகக் கீறி உரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் உலர்த்துவார்கள். அப்புறம் குறைந்தது 3 வருடம் காத்திருக்க வேண்டும். வயது ஏற ஏற நிறம் கறுக்கும், விலையும் ஏறும்.

வயிற்றில் தேங்கி நிற்கும் 'சி' என்ற உயிராற்றலை இது நகர்த்திவிடும் என்பது சீன மருத்துவர்களின் விளக்கம். மேல்வீட்டுப் பாட்டி ஒரு துண்டை ஊறவைத்து, உள்பக்க வெள்ளையைச் சுரண்டிவிட்டுக் கொதிநீரில் போட்டுத் தருவார். லேசான கசப்பு, அருமையான வாசனை. ஏப்பம் வந்து வயிறு இளகும்போது அவ்வளவு நிம்மதி! விடாத வலி என்றால் மட்டும் டாக்டரிடம் போய்விடுங்கள். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் வேண்டாம்.