விலை பேச வண்டியை நிறுத்துகிறேன்

விடிந்து வெயில் ஏறுவதற்குள் என் கைபேசிக்குப் பதினைந்து இருபது அழைப்புகள் வந்துவிடும். ஓலைக்கால் நண்டு வாங்கி மண்டபத்திலுள்ள நண்டுக் கம்பெனிகளுக்கு அனுப்புவது என் தொழில். முள்ளிமுனை, காரங்காடு, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி என்று கரையோர ஊர்களில் வல்லங்கள் என்கிற நாட்டுப்படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். சிலர் கரை தட்டும் முன்பே கூப்பிடுவார்கள். "தம்பி, இன்று பாடு பரவாயில்லை, இருபது கிலோ தேறும். முதலில் இங்கே வந்துவிடுங்கள்." இதே வார்த்தைகளை அடுத்த ஊரிலிருந்து இன்னொருவர் சொல்வார். இரண்டு பேருக்கும் பதில் சொல்லும்போது நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருப்பேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை கிடையாது என்பதால் கம்பெனிக்காரர்களின் கண் முழுக்க எங்கள் நண்டின் மேல்தான் இருக்கும். அந்த இரண்டு மாதமும் கைபேசி சூடு ஆறாது.

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கியர் மாற்றிய காலம் எனக்கும் உண்டு. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, கையில் கைபேசியை வைத்துக்கொண்டு ஓட்டுவதை அபாயகரமாக ஓட்டுவது பற்றிய 184-ஆவது பிரிவிலேயே சேர்த்தார்கள். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். சிறைக்கும் அதில் இடம் இருக்கிறது. செய்தித்தாளில் படித்தேன், படித்ததோடு சரி. என்னை மாற்றியவர் என் மனைவி. ஒருநாள் ராமநாதபுரத்தில் மருத்துவரைப் பார்க்க என்னோடு வந்தவர், தேவிபட்டினம் தாண்டுவதற்குள் நான் நான்கு அழைப்புகளை எடுத்ததைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் போய்விட்டார். வீட்டில் வந்து சண்டை போடவில்லை. "நீங்கள் ஓட்டும் வண்டியில் பிள்ளைகளை அனுப்பமாட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. மறுநாளே ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் போய், முன்கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கும் சன் வைசரில் மாட்டும் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்தேன். ஏறக்குறைய 2,000 ரூபாய் ஆனது.

உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. பின்னால் ஒரு கம்பிக் கிளிப், முன்னால் பெரிய பொத்தான் ஒன்று, ஓரத்தில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு. அழைப்பு வந்தால் பெரிய பொத்தானைத் தொட்டால் போதும். கைபேசி சட்டைப் பையிலேயே இருக்கலாம். காதில் செருகும் வகையை நான் விரும்பவில்லை. ஒரு காதை அடைத்துக்கொண்டால் பின்னால் வரும் லாரியின் ஹார்ன் பாதிதான் கேட்கிறது.

என்னுடைய வண்டி பழைய மாருதி ஆம்னி. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு நண்டுப் பெட்டி அடுக்க வைத்திருக்கிறேன். ஆம்னி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அதன் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. ஏசி கிடையாது, கண்ணாடியை இறக்கித்தான் ஓட்ட வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசவே கத்த வேண்டும். அப்படிப்பட்ட வண்டியில் இந்தப் பெட்டி முதல் வாரம் சரியாக வேலை செய்யவில்லை. "அண்ணே, கடலுக்குள்ளே இருந்தா பேசுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். இன்னொருவர், தான் பேசியதே தனக்குத் திரும்பக் கேட்கிறது என்று அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, மனைவியை அடுப்பங்கரையில் கைபேசியோடு நிறுத்தி, பெட்டியை இடம் மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் மாட்டியிருந்தவரை காற்று நேராக மைக்கில் மோதியது. வைசரின் உள்பக்க முனைக்கு, அதாவது நடுக் கண்ணாடிக்கு அருகே, தள்ளி மாட்டியதும் பாதிக் குறை தீர்ந்தது. வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு முழம் இருக்கிறது. என் பக்கத்துக் கண்ணாடியை முக்கால்வாசி ஏற்றிவிட்டு இடப்பக்கத்தைத் திறந்துவிட்டேன். மீதிக் குறையும் போயிற்று. எதிரொலிக்குக் காரணம் ஒலியின் அளவு. ஸ்பீக்கரில் என்ன ஒலிக்கிறது என்பது பெட்டிக்குத் தெரியும். மைக்கில் விழும் சத்தத்திலிருந்து அதைக் கழித்துவிட்டு என் குரலை மட்டும் அனுப்பப் பார்க்கிறது. நான் ஒலியை உச்சத்தில் வைத்திருந்தேன். குரல் கரகரத்துச் சிதறினால் பெட்டியின் கணக்கு பிசகிவிடும், எதிரில் இருப்பவர் குரல் அவருக்கே திரும்பிப் போகும். இரண்டு புள்ளி குறைத்தேன், நின்றுவிட்டது.

வண்டியை வெயிலில் நிறுத்தினால் பெட்டியைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய்விடுவேன். நம் ஊர் வெயிலுக்கு முன்கண்ணாடி அடுப்பாகிவிடும். லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது.

நான் எதிர்பார்க்காத பெரிய உதவி, இடப்பக்கம் உட்காரும் பையனால் வந்தது. என்னோடு வேலை செய்பவன், மோர்ப்பண்ணைக்காரன், எழுத்து முத்துமுத்தாக இருக்கும். முன்பெல்லாம் அழைப்பு முடிந்ததும் நான் நினைவிலிருந்து சொல்வேன், அவன் நோட்டில் குறிப்பான். பதினெட்டரை பதினாறரை ஆகிவிடும். கரையில் தராசுக்கு முன்னால் சங்கடம் வரும். இப்போது பேசுகிறவரின் குரலை அவனும் நேரடியாகக் கேட்கிறான். ஊர், ஆள், கிலோ, பெரியது எவ்வளவு, சிறியது எவ்வளவு என்று அந்தந்த நொடியில் எழுதிவிடுகிறான். சரியாகக் கேட்காவிட்டால் "அண்ணே, பெரியது மட்டும் எத்தனை?" என்று அவனே கேட்டுவிடுவான். பெண்கள் பேசினால் "அக்கா, சினை நண்டு இருந்தால் கடலில் விட்டுவிடச் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வான். எனக்கு அவன்மேல் மதிப்பு கூடியது இந்தப் பெட்டி வந்த பிறகுதான்.

இத்தனை வசதி வந்ததும் என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கின்றன, இனி அச்சமில்லை என்று நினைத்துவிட்டேன். அங்கேதான் தவறினேன்.

போன ஆண்டு தடைக்காலத்தில் ஒரு காலை. தொண்டிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தேன். கம்பெனியிலிருந்து அழைப்பு. கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைப்பதாகச் சொன்னார்கள். நான் கரையில் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டேன். முப்பது வீட்டுக்குப் பட்டுவாடா செய்ய வேண்டிய பணம். பேசினேன், கெஞ்சினேன், கோபப்பட்டேன். திடீரென்று பையன் "அண்ணே, ஆடு!" என்று அலறி முன்பலகையில் கையை ஊன்றினான். ஒரு பாட்டி சாலையின் நடுவில் நிற்கிறார், சுற்றிலும் ஆடுகள். பிரேக்கில் ஏறி நின்றேன். நண்டுப் பெட்டிகள் சரிந்து என் முதுகில் இடித்தன. கடைசி ஆட்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கலாம். பாட்டி திட்டவில்லை. குட்டி ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். ஸ்பீக்கரில் "கேட்கிறதா? ஒன்பது ரூபாய் குறைத்து முடித்துக்கொள்ளலாமா?" என்று குரல் ஓடிக்கொண்டே இருந்தது.

அதன் பிறகுதான் உறைத்தது. உப்பூரைத் தாண்டியிருந்தோம். வெயிலுகந்த விநாயகர் கோயிலைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து ஒரு கும்பிடு போடாமல் நான் போனதே இல்லை. அன்று கோயில் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கண் சாலையில்தான் இருந்தது. பார்த்தது எதுவும் மனதுக்குள் போகவில்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் வண்டி ஓடுகிறது. அந்தப் பேச்சு எத்தனை நொடி நீண்டது என்று என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

அன்று இரவு தேடிப் படித்தேன். கனடாவின் டொராண்டோவில், கைபேசி வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களை ஆராய்ந்து 1997-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். பேசும்போது விபத்து அபாயம் நான்கு மடங்கு ஆகிறதாம். கையில் பிடிக்காமல் பேசும் கருவிகளால் கூடுதல் பாதுகாப்பு கிடைத்ததாக அவர்களால் காட்ட முடியவில்லை. ஆட்டுக் கூட்டத்துக்கு முன்னால் நின்றவனுக்கு இதில் ஒரு சொல்கூட மிகையாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவனுக்கு ஆடு தெரியும், பேச்சை நிறுத்திவிடுவான். மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என் சாலை தெரியாது.

அன்றிலிருந்து ஓடும் வண்டியில் ஊர், எடை, வரும் நேரம் மட்டும்தான் பேசுகிறேன். விலை என்ற சொல் வந்தால் "ஐந்து நிமிடத்தில் நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுவேன். உப்பூருக்குத் தெற்கே மூன்று பனை நிற்கும் ஒரு திருப்பம் இருக்கிறது, மிளகாய்க் காலத்தில் அங்கே பாதிச் சாலை வரை சிவப்பாகக் காயப்போட்டிருப்பார்கள். ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, இறங்கி நின்று பேசுகிறேன். கம்பெனிக்காரர் இருவர் முதலில் முகம் சுளித்தார்கள். ஐந்து நிமிடத்தில் நண்டு கெட்டுப்போகாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சம். ஒருநாள் காரங்காட்டில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வண்டி நான்கு அடி தள்ளி, கதவு திறந்தபடி. கைபேசி ஒலித்தது, எடுத்துக் காதில் வைத்தேன், சத்தமே இல்லை. வண்டிக்குள்ளிருந்து ஓர் அக்காவின் குரல் ஊருக்கே கேட்கிற மாதிரி வருகிறது. தாலிக்கொடியை அடகு வைத்திருப்பதாகவும், கெடு முடிகிறது என்றும், கொஞ்சம் முன்பணம் வேண்டும் என்றும் அழுகையோடு சொல்கிறார். பெட்டியை அணைக்காமல் இறங்கியிருந்தேன். புளூடூத்துக்குப் பத்து மீட்டர் வரை எட்டும். நான் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்துவதற்குள் அங்கே நின்ற ஏழெட்டுப் பேரும் கேட்டுவிட்டார்கள்.

மறுநாள் அவர் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொல்லிப் பணத்தையும் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இனிமேல் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள் தம்பி" என்றார். இப்போது பொத்தானைத் தொட்டதும் என் முதல் வார்த்தை, "வண்டியில் வருகிறேன், பையனும் கூட இருக்கிறான்" என்பதுதான். இறங்குவதற்கு முன்னால் பெட்டியின் விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்க்கிறேன். அந்த அக்கா நண்டு விஷயம் என்றால் அப்படியே பேசுகிறார். வேறு விஷயம் என்றால், "மூன்று பனைக்கு வந்ததும் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.