யோர்தானுக்குப் பிறகு

மருத்துவமனை வார்டு ஊழியத்துக்கு வந்த இந்த 12 ஆண்டுகளில் நான் அதிகம் சொன்ன வசனம், "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்பதுதான். மாற்கு சுவிசேஷத்தில் இயேசு யோர்தான் நதியில் ஞானஸ்நானம் பெற்று, வானத்திலிருந்து அந்தச் சத்தம் உண்டானபோது அவர் ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை, ஒரு நோயாளியையும் சுகமாக்கியிருக்கவில்லை. ஆகவே பிதாவின் பிரியம் வேலைக்குக் கொடுத்த கூலி அல்ல, பவுல் எபேசியருக்கு எழுதியபடி அந்தப் "பிரியமானவருக்குள்" நமக்கும் அது கிருபையே என்று விளக்குவேன். பக்கவாதத்தில் வலக்கை விழுந்துவிட்ட தையல்காரர், "கை போனபிறகு நான் யாருங்க ஐயா?" என்று கேட்டபோதும் அதையே சொன்னேன்.

அவர் கடைசிவரை கவனமாகக் கேட்டார். பிறகு, "அவருக்கு அதுக்கப்புறம் செய்ய வேலை இருந்துச்சே ஐயா," என்றார்.

நான் ஜெபித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். இன்னும் மூன்று பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. மாத அறிக்கையில் சந்தித்தவர்களின் எண்ணிக்கையை எழுத வேண்டும். நான் சொன்னதில் பிழை இல்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் எண்ணிக்கை குறைந்த மாதங்களில் எனக்கே தூக்கம் வராது என்பதும் உண்மை. அப்படியானால் நான் நம்பாத ஒன்றையா அவரிடம் கொடுத்தேன்?

பதில் பிந்தித்தான் தோன்றியது. "நீர் தேவனுடைய குமாரனேயானால்" கல்லை அப்பமாக்கும் என்று சோதனைக்காரன் வனாந்தரத்தில் கேட்டதும், "நீ தேவனுடைய குமாரனானால் சிலுவையிலிருந்து இறங்கி வா" என்று வழிப்போக்கர் கேட்டதும் ஒன்றே: செய்து காட்டு, அப்போது நம்புகிறோம். ஆணியடிக்கப்பட்ட அந்தக் கைகளும் அன்று ஒரு வேலையும் செய்யவில்லை. ஆனாலும் அவர் குமாரன்தான். இதைச் சொல்லியிருக்கலாமே என்று பலமுறை நினைத்தேன். ஆனால் சிலுவையில் யோர்தானின் சத்தம் கேட்கவில்லை, "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கதறல்தான் கேட்டது என்பதை அந்தத் தையல்காரர் எனக்கு நினைவூட்டியிருப்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று ஜெபித்துவிட்டு நான் எழுந்தபோது அவர் இடக்கைப் பெருவிரலால் போர்வையின் ஓரமடிப்பை மெல்லத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க தையல் விட்டிருக்கு, சொல்லிருங்க," என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.