சூடு ஆறுவதற்குள்

நவம்பர் 24, 2024, ஞாயிறு

அம்மாவுக்குக் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 312. கால் பெருவிரலைச் சுற்றி டாக்டர் பேனாவால் போட்ட கோடு அழியாமல் இருக்கிறது. விரலின் கருப்பு அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நிற்கிறது.

சாயந்திரம் சின்னம்மா வந்து உட்கார்ந்ததும் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தேன். நான்கு ரோடு பக்கம் கால் போன போக்கில் நடந்தேன். ஒரு ஜூஸ் கடைக்குப் பக்கத்தில் புகை போல ஆவி. இட்லி குண்டான் மாதிரி பெரிய அலுமினியப் பாத்திரம், மூன்று அடுக்கு. 'பாவ்' என்று மஞ்சள் போர்டு. முட்டை பாவ் ஒன்று 30 ரூபாய்.

உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தார் கடைக்கார அண்ணன். மேல் தோல் பால் ஆடை போல மெல்லிசு, வழவழப்பு. பிட்டால் பஞ்சு மாதிரி இழை இழையாக வருகிறது. உள்ளே மிளகு போட்டு வதக்கிய வெங்காயம், பாதி முட்டை. அடியில் ஒட்டியிருந்த சின்னக் காகிதத்தை உரித்தபோது கொஞ்சம் மாவும் சேர்ந்து வந்தது, அதையும் பல்லால் சுரண்டித் தின்றேன். மூன்று நாளில் சூடாக வயிற்றுக்குள் போனது இதுதான்.

நவம்பர் 25, திங்கள்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"இட்லியா அது?"

"இல்லம்மா, மைதா. ஆவியில வேக வெக்கிறாங்க."

"உள்ள என்னா வெக்கிறான்?"

முட்டை, கோழி, காளான், தேங்காய் வெல்லம் என்று சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறியது. தேங்காய் வெல்லத்தை மறைத்திருக்கலாம். "எனக்கொண்ணு வாங்கியாயேன் பாப்பா." 289.

நவம்பர் 26, செவ்வாய்

274. கோடு தாண்டவில்லை. கடைக்குப் போகவில்லை, போக மனசு வரவில்லை.

நவம்பர் 27, புதன்

போனேன். கூட்டம் இல்லை, அரை மணி நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டில் இருந்தவர். அங்கே நம் ஆட்களும் இதைப் பாவ் என்றுதான் சொல்வார்களாம். சீனாவில் பாவ்ஸி. உள்ளே ஒன்றும் வைக்காமல் வெறும் மாவாக அவித்தால் அதற்கு மான்தோ என்று பெயர். திபெத்துக்காரர்கள் டிங்மோ என்று செய்வதும் இந்தச் சாதிதான், குழம்புக்குத் தொட்டுக்கொள்ள.

மைதா, ஈஸ்ட், சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய், வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைக்கிறார். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று காற்று விடும், மாவு இரண்டு மடங்காகும். மறுபடி பிசைந்து, வட்டமாகத் தட்டி, நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும் விட்டு, மசாலா வைத்து, இடது கட்டைவிரலால் மசாலாவை உள்ளே அழுத்திக்கொண்டே வலது கையால் ஓரத்தை மடித்து மடித்துச் சுற்றுகிறார். கட்டைவிரல் இல்லாவிட்டால் இந்த வேலையே நடக்காது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுப்பை அணைத்ததும் மூடியைத் திறக்க மாட்டார். ஐந்து நிமிடம். உடனே திறந்தால் குளிர்காற்று பட்டுத் தோல் சுருங்கி, கிழவி கன்னம் மாதிரி ஆகிவிடும் என்றார். எனக்குப் பொறுமை இல்லை, மூடியையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

கோழி பாவ் ஒன்று, வெறும் பாவ் ஒன்று. சாப்பிடும்போது குற்ற உணர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சாப்பிட்டேன், பசித்தது.

நவம்பர் 28, வியாழன்

251. சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கும் சிஸ்டரிடம் கேட்டேவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. எவ்வளவு பெரிசு என்று கேட்டார். கையை மடக்கிக் காட்டினேன். ஒரு பாவ் இரண்டு இட்லிக்கு மேலேயே வரும். ராத்திரி இட்லியை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று, முட்டை வைத்தது, இன்சுலின் போட்ட பிறகு. தேங்காய் வெல்லம் கூடவே கூடாது.

"கேவுரு மாவுல செஞ்சா ரெண்டு துன்னலாமா?" என்று அம்மா கட்டிலிலிருந்தே கேட்டது. கேழ்வரகும் மாவுதாம்மா, அதுவும் சர்க்கரையை ஏற்றும், அளவுதான் முக்கியம் என்றார் சிஸ்டர். காலமெல்லாம் களி தின்று வளர்ந்த அம்மாவுக்கு இதை நம்பவே முடியவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

கெட்டுப்போனது. கடையிலிருந்து வார்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம், கேட்டில் பையைப் பிரித்துக் காட்ட ஐந்து நிமிடம், மாடிப்படி. பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தால் மூடி முழுக்கத் தண்ணீர் முத்து. பாவின் தலை நசநசத்து, அடி ஊறி, காகிதத்தோடு பிய்ந்து வந்தது. அம்மா பாதி தின்றது. நல்லாருக்குது என்றது. அது எனக்காகச் சொன்ன பொய் என்று தெரியும்.

பிறகு, தூங்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, கண்ணைத் திறக்காமலே கேட்டது: "மூடிக்குத் துணி கட்டலியா?"

நாற்பது வருஷமாக இட்லித்தட்டில் துணி போட்ட கை. மூங்கில் கூடையில் அவித்தால் மூங்கிலே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அலுமினிய மூடியில் ஆவி தண்ணீராகித் திரும்பச் சொட்டும். அதனால்தான் கடை அண்ணன் மூடிக்குத் துணி கட்டியிருக்கிறார். இரண்டு நாளாக என் கண்ணெதிரே இருந்த துணி. அம்மா கடையைப் பார்த்ததே இல்லை.

நவம்பர் 30, சனி

236. புயல் இன்று ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடக்கும் என்கிறார்கள். இங்கே மூடிய வானம், குளிர். குளிரில் மாவு எழும்ப நேரமாகிறது என்று அண்ணன் மாவுச் சட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தார். கேழ்வரகு சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேட்டேன். யோசித்தார். செய்து பார்க்கிறேன் அக்கா என்றார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், இருந்தும் அக்கா என்கிறார்.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை. வெளியே போகவே முடியவில்லை. ராத்திரி முழுக்க ஜன்னல் தகரம் அடித்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் 2, திங்கள்

ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போவதை வார்டில் எல்லாரும் போனில் பார்த்தோம். தம்பி அங்கேதான். பகல் இரண்டு மணி வரை போன் போகவில்லை. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், மாடியில் இருக்கிறோம், எல்லாரும் நல்லா இருக்கிறோம் என்றான். அவன் வந்து ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று காத்திருந்தோம். இனி நானே போட வேண்டியதுதான்.

கடை பூட்டியிருந்தது. தெரிந்தும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

203. கோட்டைத் தாண்டி ஒரு நெல் அளவு.

டாக்டர் புதிதாக இன்னொரு கோடு போட்டார். அம்மா கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

டிசம்பர் 4, புதன்

கேழ்வரகு பாவ் வந்துவிட்டது! பாதிக்குப் பாதி கலந்த முதல் தடவை கல்லு மாதிரி வந்ததாம். மைதாவில் இருக்கிற இழுவை கேழ்வரகில் கிடையாது, காற்றைப் பிடித்து வைக்காது. மூன்று பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு கேழ்வரகு என்று கலந்த பிறகுதான் எழும்பியது. நிறம் ஈரமண் மாதிரி. வாசனை எங்கள் வீட்டுக் களிப்பானை வாசனை. கடையில் நின்றுகொண்டே அழுதுவிட்டேன். அண்ணன் ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

அவர் ஒரு கதை சொன்னார், கூட வேலை செய்த சீனப் பெரியவர் சொன்னதாம். 3ஆம் நூற்றாண்டில் ஜுகே லியாங் என்ற மந்திரி படையோடு ஓர் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. ஆறு பொங்குகிறது. மனுஷத் தலை பலி கொடுத்தால்தான் அடங்கும் என்று ஊரார் சொன்னார்கள். அவர் ஆளை வெட்டவில்லை. மாவில் தலை மாதிரி உருட்டி, உள்ளே கறி வைத்து, அவித்து ஆற்றில் போட்டார். அதுதான் முதல் பாவ் என்று அங்கே கதை.

அம்மாவிடம் சொன்னேன். "நம்ம பூசணிக்காய் ஒடைக்கிற மாதிரி" என்றது. கொஞ்ச நேரம் கழித்துக் காலையே பார்த்துக்கொண்டு, "அப்ப மாவுல ஒரு வெரல் செஞ்சு குடுத்தா ஆவாதா பாப்பா?"

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

178. நாளை காலை. ராத்திரி பத்துக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது. கையெழுத்து நான்தான் போட்டேன். பேப்பரில் 'வலது கால் பெருவிரல்' என்று எழுதி, பக்கத்தில் 'தேவைப்பட்டால் அதற்கு மேலும்' என்று இருந்தது. அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

ஆறரைக்குக் கடையில் இருந்தேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸின் அடியில் அம்மாவின் பழைய வாயில் புடவைத் துண்டு, மூடிக்குள் இன்னொன்று. அண்ணன் ஐந்து நிமிடம் காத்திருந்து திறந்து, கேழ்வரகில் முட்டை வைத்த ஒன்றை எடுத்து வைத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். மூடியை அழுத்தாமல் சும்மா மேலே வைத்து, மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் பாக்ஸைத் தூக்கிப் பிடித்தேன்.

இன்சுலின் போட்டு அரை மணி கழித்துத் திறந்தோம். சூடு இருந்தது. தலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அம்மா இரண்டு கையிலும் ஏந்தி, முதலில் மோந்து பார்த்தது. பிட்டு எனக்கு ஒரு வாய் ஊட்டியது. மிச்சத்தை மெதுவாக, முழுக்கத் தின்றது. காகிதத்தைப் பிரித்து வழித்தும் தின்றது.

"உப்பு ஒரு கல்லு கொறச்சல். அவன்கிட்ட சொல்லு."

டிசம்பர் 6, வெள்ளி

காலை 8.10க்கு உள்ளே கூட்டிப்போனார்கள். தம்பி பஸ் கிடைத்துக் கிளம்பிவிட்டான், அரூரைத் தாண்டிவிட்டேன் என்றான். டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டேன். இரண்டு துணியையும் அலசி ஜன்னல் கம்பியில் போட்டிருக்கிறேன், வெயில் வந்திருக்கிறது. உப்பு விஷயத்தை அண்ணனிடம் இன்று சாயந்திரம் சொல்ல வேண்டும்.