கொழும்புக்குப் போகாமல் மட்டக்களப்புக்கு வாங்க

"அக்கா, எயார்போட்டுக்கு வெளிய வந்துட்டம். இனி எப்பிடி வாற?"

மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் வாவிப் பக்கமாக நானும் தங்கச்சியும் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். அறை இருக்கா என்று கேட்டு வருகிற கோலைவிட இந்தக் கோல்தான் எனக்குப் பெரிசு. அறை எப்படியும் கிடைத்துவிடும், ஆடி அமாவாசையோடு மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா வருகிற நாட்களைத் தவிர. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறார்களே, அந்தப் பத்து நிமிடத்தில் என்ன முடிவு எடுக்கிறார்களோ அதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது.

கட்டுநாயக்காவிலிருந்து எங்கள் ஊர் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் கனபேர் இதற்கு ஊரிலிருந்தே வான் கூப்பிடுகிறார்கள். அண்ணனுடைய மகன், மாமி, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று ஐந்தாறு பேர் ஏறிக்கொள்வார்கள். பின்னேரம் புறப்படுகிற வான் நடுச்சாமத்தில் எயார்போட்டில் நிற்கும். ஆளை ஏற்றிய உடனே அப்படியே திரும்பும். ஓட்டுகிறவர் ஒரே ஆள்தான். பிளேனில் வந்தவராவது கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பார், வானில் வந்த சொந்தக்காரர் வழி நெடுகத் தூங்கியிருப்பார்கள். போகவும் வரவும் 600 கிலோமீற்றர் ஓட்டுகிற அந்த மனிதர் மட்டும் முந்தின நாள் காலையிலிருந்து விழித்திருக்கிறார்.

ஒரு நாள் விடியப்புறம் கேற் திறக்கப் போனேன். டொரொன்டோவிலிருந்து வந்த குடும்பம். பின்சீற்றில் இரண்டு பிள்ளைகள் தாயின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். சாரதிப் பொடியனுக்கு இருபத்தைந்து வயது இருக்குமோ என்னவோ. இறங்கி நேரே எங்கள் பைப்படிக்குப் போய், தலையைக் குனிந்து தண்ணியைத் திறந்துவிட்டு அப்படியே நின்றான். தங்கச்சி பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். கோப்பையை வாங்கினபோது கை நடுங்கியது, பாதி தட்டில் கொட்டிப்போயிற்று. "அக்கா, ஹபரணை தாண்டினது ஞாபகம் இருக்கு. வெலிக்கந்தை எப்ப வந்ததெண்டு தெரியா" என்றான். ஹபரணைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில் மின்னேரியா இருக்கிறது, பொலன்னறுவை இருக்கிறது, மன்னம்பிட்டிப் பாலம் இருக்கிறது. அவ்வளவு தூரத்தையும் அந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிக் கடந்தான் என்று நினைத்தால் இப்பவும் எனக்கு வயிறு கலங்கும். அன்று பகல் முழுக்க அவனை ஓர் அறையில் படுக்க வைத்தோம். காசு ஒன்றும் வாங்கவில்லை.

அந்த ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஹபரணை, மின்னேரியாப் பக்கம் இருட்டினால் யானை ரோட்டுக்கு வரும். வெளிச்சம் மேலே பட்ட பிறகுதான் அது நிற்பதே தெரியும். வெலிக்கந்தை தாண்டிப் புனாணை வரை நீட்டுக்குக் காடுதான், இரவில் ஒரு தேத்தண்ணிக் கடைகூடத் திறந்திருக்காது. 2023 ஜூலையில் மன்னம்பிட்டி கொட்டலியப் பாலத்தில், எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த பஸ் ஒன்று ஆற்றுக்குள் விழுந்து பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கதுறுவெலயில் ஏறி வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சனம்.

ஆகவே, என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது: பகலில் வாங்க, ரயிலில் வாங்க. அதற்குக் கொழும்புக்கே போகத் தேவையில்லை.

இந்தக் கடைசி விசயம் எங்கள் ஊர் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது. மட்டக்களப்பு ரயில் கொழும்புக் கோட்டையில் புறப்படுவதால் எல்லோரும் கோட்டைக்குப் போகப் பார்க்கிறார்கள். கட்டுநாயக்காவிலிருந்து தெற்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல் போய், ரயில் ஏறி, திரும்பவும் வடக்கே வருவது. அந்த ரயிலோ ராகமை, கம்பஹா, வேயங்கொட, பொல்கஹவெல, குருநாகல் என்று எயார்போட்டுக்குக் கிழக்குப் பக்கமாகத்தான் வருகிறது. மினுவாங்கொடைப் பக்கத்தால் போனால் கம்பஹா ஸ்டேசன் இருபது கிலோமீற்றர் அளவில்தான். விடியப்புறம் ரோட்டில் வாகனம் குறைவு, அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. கொழும்பு நெரிசலும் இல்லை, புறக்கோட்டைச் சனத்துக்குள் பெட்டி தூக்குகிற பாடும் இல்லை.

மட்டக்களப்புக்கு வருகிற பகல் ரயில் உதயதேவி. அது காலை ஆறு மணி கடந்ததும் கோட்டையில் வெளிக்கிடும். கம்பஹாவுக்கு வர அதிலிருந்து அரை மணி அளவாகும். பின்னேரத்துக்குள் மட்டக்களப்பு. நேரம் அவ்வப்போது மாறும், அதனால் புறப்பட முதல் ரயில்வேயின் இணையத்தளத்தில் ஒருக்கால் பார்த்துவிடுங்கள். சீற் பதிவு செய்யும்போது எந்த ஸ்டேசனில் ஏறுகிறீர்கள் என்பதையும் கவனித்துக் கொடுங்கள்.

பிளேன் இரவு பத்து, பன்னிரண்டுக்கு இறங்குகிறதா? நீர்கொழும்பிலோ கட்டுநாயக்காவிலேயோ ஓர் அறை எடுத்துப் படுங்கள். எயார்போட்டைச் சுற்றி நிறைய இருக்கிறது, நீர்கொழும்பும் பத்துக் கிலோமீற்றர்தான். ஒரு இரவு அறைக் காசு வீண் என்று நினைக்க வேண்டாம். குளித்து, கால் நீட்டிப் படுத்து, காலையில் வெளிச்சத்தோடு புறப்படுகிற ஆள் இங்கே வந்து இறங்கும்போது முகமே வேறாக இருக்கும். விடியப்புறம் மூன்று, நாலுக்கு இறங்குகிறவர்கள் நேரே கம்பஹாவுக்குப் போகலாம், பெட்டி வரத் தாமதமாகாவிட்டால். ஆறு மணிக்குப் பிறகு இறங்கினால் அன்றைய உதயதேவி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமான் குறைவு, உடம்பில் தெம்பு இருக்கிறது என்றால் பகல் வானில் வரலாம், ஆனால் வெளிச்சம் போக முதல் புனாணை தாண்டுகிற மாதிரி.

கொழும்பில் வேலை இருக்கிறவர்கள் நகரத்துக்குள் தங்குங்கள், அது வேறு கதை. 2013இல் திறந்த அதிவேகப் பாதையால், கொழும்பு வாசலில் இருக்கிற பேலியகொட வரை அரை மணிதான். கோட்டை ஸ்டேசனுக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுத்தால் அடுத்த நாள் காலை ரயிலுக்கு ஓடத் தேவையில்லை. காசைப் பார்க்கிறவர்களுக்கு 187 இலக்க பஸ் கோட்டைப் பக்கம் போகிறது. பெரிய பெட்டி இருந்தால் அதில் பாடு.

வளைகுடாவிலிருந்து வருகிற எங்கள் பிள்ளைகளை நினைத்து இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குவைத், கட்டார், சவூதியில் வீட்டு வேலை செய்துவிட்டு வருகிற பெண்கள். கயிறு போட்டு இறுக்கிக் கட்டின பெட்டி, நாலு பக்கமும் மார்க்கரால் பெரிதாகப் பெயர் எழுதியிருக்கும். வருகை மண்டபத்து டியூட்டி ஃப்ரீ கடையில் டீவியோ வோஷிங் மெசினோ வாங்கி அதையும் தள்ளிக்கொண்டு வருவார்கள். வெளியே வந்ததும் நாலு பேர் சுற்றி நின்று "எங்க போற, எங்க போற" என்று கேட்பார்கள். வருசக் கணக்காகச் சேர்த்த காசு கையில் இருக்கிற நேரம் அது.

வவுணதீவுப் பக்கத்துப் பிள்ளை ஒன்று அப்படி நின்றுகொண்டு எனக்குக் கோல் எடுத்தது. நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள். "அக்கா, ஒரு ஆள் மட்டக்களப்புக்கு நேரா கொண்டு போறன் எண்டு சொல்றாரு. பெட்டிய எடுத்து வச்சிட்டாரு" என்று குரல் கம்மிப் பேசியது. பெட்டியை இறக்கித் தரச் சொல்லு மகள், திரும்பவும் கட்டடத்துக்குள் போய் ரெக்ஸிக் கவுண்டரில் கேள் என்றேன். இறக்கித் தந்துவிட்டார். கவுண்டரில் விலையைச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள், வாகன இலக்கமும் அதில் இருக்கும். அந்த இலக்கத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறச் சொன்னேன். நீர்கொழும்பில் படுத்து, அடுத்த நாள் கம்பஹாவில் ரயில் ஏறி வந்தது. வவுணதீவு போகிற பஸ் தவறிப்போனதால் அன்றிரவு எங்களோடு தங்கினது. தம்பிக்கு வாங்கின சப்பாத்தை எடுத்து, மணந்து பார்த்து, திரும்ப வைத்தது, அவ்வளவு ஆசையாக.

தனியாக வருகிற பிள்ளைகளே, பெட்டி வந்ததும் உள்ளேயே சிம் போட்டுக்கொள்ளுங்கள், கவுண்டர் இருக்கிறது. காசும் அங்குள்ள வங்கிகளில் கொஞ்சம் மாற்றுங்கள், வழிச் செலவுக்கு அளவாக. பிக்மி, ஊபர் மாதிரி ரெக்ஸி ஆப் பாவிக்கத் தெரிந்தால் அதுவும் நல்லது, எந்த வாகனம் என்று போனில் நிற்கும். வீட்டில் ஒருவருக்காவது "இப்ப ஏறுறன்" என்று சொல்லாமல் ஏறாதீர்கள்.

ரயிலில் ஏறிவிட்டால் கவலை விட்டது. பொல்கஹவெல வரை ஓட்டமாக ஓடும், பிறகு தனித் தண்டவாளம், எதிரே வருகிற ரயிலுக்காக நின்று நின்றுதான் வரும். கடலை, இறால் வடை வரும். இறால் வடை சூடாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதை பிரியும், சில ரயில் பெட்டிகள் அந்தப் பக்கம் போகிறதும் உண்டு. ஏறும்போதே "மட்டக்களப்புப் பெட்டியா" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கிறபோது யன்னல் பக்கம் இருக்க வேண்டும். கண் காணுகிற தூரம் வரை மணலும் தண்ணியும். வாழைச்சேனை வந்தால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். கல்குடாவில் வெள்ளைக்காரர் இறங்குவார்கள், பாசிக்குடாவுக்கு. பிறகு ஏறாவூர், அதற்கடுத்து நாங்கள்.

இரவு ரயிலும் இருக்கிறது, மீனகயா. சாரதி தூங்குகிற பயம் அதில் இல்லை, வயதானவர்கள் கூட வராவிட்டால் அதில் வருவதில் குற்றமில்லை. விடியச் சாமத்தில் வந்து சேரும், நான் எழும்பிக் கேற் திறப்பேன், அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஆனால் 2025 பெப்ரவரியில் அந்தக் காட்டுப் பாதையில் ஒரு இரவு ரயில் மோதி ஆறு யானைகள் செத்த பிறகு, பகலில் வர வசதி இருக்கிறவர்களை நான் இரவில் வரச் சொல்வதில்லை.

திமிலைதீவில் எங்களுக்கும் விமான நிலையம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறதுதான், நகரத்திலிருந்து ஓட்டோவில் சில நிமிடம். சின்ன விமானங்கள் வருவதுண்டு. எட்டுப் பேர் ஏறுகிற மாதிரியானவை, கூடச் சாமானும் ஏற்ற முடியாது, காசும் கூட. என்றைக்காவது சென்னையிலிருந்து நேரே இங்கே வந்து இறங்குவார்கள் என்று எனக்குப் பெரிய ஆசை. வந்தால் இந்தப் பதிவில் முக்கால்வாசியை நானே சந்தோசமாக அழித்துவிடுவேன்.

வான்தான் வேண்டும், அம்மாவால் ரயிலில் ஏற முடியாது, சாமான் கூட என்கிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இரண்டு விசயம். ஒன்று, இரண்டு சாரதிகளைக் கூப்பிடுங்கள். முடியாவிட்டால், வந்த சாரதிக்கும் நீர்கொழும்பில் ஒரு கட்டில் எடுத்துக் கொடுங்கள். ரிக்கற்றுக்கு லட்சக் கணக்கில் கொடுத்து வருகிறவர்களுக்கு அது பெரிய காசில்லை. இரண்டாவது, "கெதியாப் போங்க தம்பி, வீட்ட பாத்துக்கொண்டிருக்காங்க" என்று வானுக்குள் யாரும் சொல்லக் கூடாது. இதற்காகச் சிலர் என்னோடு கோபித்துமிருக்கிறார்கள். பரவாயில்லை.

சரி, ஸ்டேசனில் இறங்கிவிட்டீர்கள். வெளியே ஓட்டோக்காரர் நிற்பார்கள், பெரும்பாலும் நல்ல பொடியன்கள். ஏற முதல் விலையைப் பேசிக்கொள்ளுங்கள். கோட்டைமுனைப் பாலம் கடந்து புளியந்தீவு என்று சொன்னால் போதும், வாவிப் பக்கம் திரும்பினதும் எனக்கு ஒரு கோல் எடுங்கள், ரோட்டில் வந்து நிற்பேன். சாப்பாடு வேண்டும் என்றால் அதற்கு முதலே, பொலன்னறுவை ஸ்டேசன் வந்த கையோடு எடுக்க வேண்டும். அப்போதுதான் தங்கச்சிக்கு அரிசி போட்டு, மீன் குழம்பு வைக்க நேரம் இருக்கும். மரக்கறிக்காரர் என்றால் அதையும் அப்பவே சொல்லிவிடுங்கள்.