மழைமானியும் மனப்பாடமும்

அக்டோபர் 9, புதன்

பெரியவள் வீட்டிலிருந்தே படித்து எழுதப்போகும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் இன்றும் வரவில்லை. தளத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். அங்கே மேகம் இறங்கிக் கிடக்கிறது, போனை துடைத்துத் துடைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரியவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அக்டோபர் 10

மழை 14 மி.மீ. சின்னவன் தன் பாட்டில் மழைமானியில் அளந்தது.

அக்டோபர் 12

வந்துவிட்டது. ஸ்தோத்திரம்.

மையம் கோயம்புத்தூரில். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே மதியம் இரண்டரைக்கு ஆரம்பம். தேர்வு முடிந்து பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் வந்து மலை ஏறுவதற்குள் ஒன்பது மணி தாண்டிவிடும். ஐப்பசி மழையில் ராத்திரி அந்த ரோட்டில் வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வாரம் முழுக்க அந்த வளைவுகளில் இறங்கி ஏறுகிறவர் சொல்லும்போது நான் எதிர்த்துப் பேசுவதில்லை. தம்பி வீட்டில்தான் தங்க வேண்டும். தம்பி பெண்டாட்டி என்ன சொல்வாள் என்பது தெரியும். அதையும் ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 14, திங்கள்

பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்பு என்று ஒரு டீச்சர் வந்தார். குடை மடக்கியும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னவன் அடுப்புப் பக்கத்தில் குப்புறப் படுத்துப் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தான்.

"எந்த ஸ்கூல் தம்பி?"

"வீடுதான் டீச்சர்."

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வரைக்கும். பெரியவள் அதைத் தாண்டிவிட்டாள். இவனுக்கு ஒன்பதுதான் ஆகிறது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. படிவத்தில் பள்ளியில் சேராதவர், இடைநின்றவர் என்று கட்டங்கள் இருந்தன. டீச்சர் பேனாவை இரண்டுக்கும் நடுவில் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் அவன் நோட்டுகளைக் கேட்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், நான் சிவப்பு மையில் திருத்தியிருந்த இடங்களில் நின்று பார்த்தார். நாற்பத்தெட்டில் முக்கால் பங்கு எவ்வளவு என்றார். "முப்பத்தாறு" என்றான். தமிழ்ப் பாடம் ஒன்றை வாசிக்கச் சொன்னார், வாசித்தான்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்கம்மா. ஆனா அங்க வந்தா கூட்டாளிங்க இருப்பாங்கல்ல?"

மிரட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். இவ்வளவு பிரியமாகக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. டீ குடித்துவிட்டுப் போனார். எந்தக் கட்டத்தில் குறித்தார் என்று நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 15

காலை ஜெபத்தில் முழங்கால் போட்டால் அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. கூட்டாளிகள்.

அக்டோபர் 18

சின்னவன் பைபிளின் 119-ஆம் சங்கீதத்தை மனப்பாடம் பண்ணுகிறான், கிமெல் பகுதி முடித்துத் தாலெத் பகுதி பிடித்திருக்கிறான். 176 வசனம், 22 பகுதி, பகுதிக்கு எட்டு. கிறிஸ்துமஸுக்குள் முழுவதும் சபையில் சொல்ல வேண்டும் என்று அவனாகவே பொருத்தனை மாதிரி வைத்துக்கொண்டான். நான் சொல்லவில்லை. எபிரெய பாஷையில் ஒரு பகுதியில் வரும் எட்டு வசனமும் ஒரே எழுத்தில் தொடங்கும் என்று அவன் அப்பா நேற்று ராத்திரி சொன்னார். இன்று காலை ஜெபம் முடிந்து கஞ்சி ஆறுவதற்குள் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினான்:

மழை வந்தது.
மாடு நனைந்தது.
மிளகாய் காயவில்லை.
மீன்காரர் வரவில்லை.
முட்டை விலை ஏறியது.
மூணு நாளாய் வெயில் இல்லை.
மெழுகுவத்தி தீர்ந்தது.
மேகம் போகட்டும் ஆண்டவரே.

யாரும் அவனிடம் மகர வரிசையில் எழுதச் சொல்லவில்லை. இதற்கு எந்தப் பாடத்தில் மார்க் போடுவார்கள்? பேப்பரைப் பைபிளுக்குள் வைத்துவிட்டேன். இப்படி ஒரு காலை வேளை கிடைப்பதற்காகத்தானே இத்தனை வருடம்.

அக்டோபர் 20, ஞாயிறு

சபையில் ஒரு சகோதரி, "பொம்பளப் பிள்ளைய எத்தனை நாளைக்கு வீட்டுலயே வெச்சிருப்பீங்க?" என்றார். பெரியவள் பக்கத்தில்தான் நின்றாள். தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 21

மழை 61 மி.மீ. 64.5-ஐத் தொட்டால்தான் வானிலை மையக் கணக்கில் கனமழை. மூன்றரை மில்லிமீட்டரில் போய்விட்டதே என்று சின்னவனுக்கு மனத்தாங்கல். இவனுக்கு 2009 தெரியாது. அந்த நவம்பர் மழையில் மண் சரிந்து இந்த மலையில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். மழை ராத்திரியில் பெய்தால் இன்றும் நான் தூங்குவதில்லை. ஓட்டில் விழும் சத்தம் மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன்.

அக்டோபர் 23

பெரியவளுக்கு மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதிப் பழக்கமில்லை. கடிகாரம் வைத்துப் போன வருடக் கேள்வித்தாள் கொடுத்தேன். இரண்டாவது மணி நேரத்தில் விரல் விறைத்துப்போய் எழுத்துக் கோணிவிட்டது. வெந்நீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேனா பிடிக்கிற விரலின் ஓரம் சிவந்து தடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். தடவும்போதுதான் கேட்டாள்.

"அம்மா, இதுல பாஸானா பதினொண்ணாவது ஸ்கூல்ல படிக்கட்டுமா?"

நான் விரலைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"லேப்ல செய்யணும்மா. படத்துல பாத்தே படிச்சிட்டேன் எல்லாத்தையும். வெங்காயத் தோல் செல்லைக்கூட மைக்ராஸ்கோப்ல பாத்ததில்லை." கொஞ்ச நேரம் கழித்து, "தானியேல் பாபிலோன்ல போய்ப் படிச்சான்ல?"

இதை எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாளோ. தானியேல் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் படித்தான், ஆனால் ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இதே அடுப்படியில், அவளுக்கு ஏழு வயதில். அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. வசனத்தைத் தன் வாழ்க்கைக்கு எடுத்துப் பார்க்கிறாள், அதைத்தானே நான் இரவும் பகலும் கேட்டேன். அப்படியிருந்தும் என் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

சாமுவேலைப் பெற்ற அன்னாளை நினைத்துக்கொண்டேன். பால் மறந்ததும் கொண்டுபோய் விட்டுவிட்டாள். வருஷாவருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துப் போனாள். ஆனால் அவள் விட்டது ஆலயத்தில். நான் விட வேண்டியது எங்கே, எந்தப் பிள்ளைகள் நடுவில், யார் என்ன சொன்னாலும் இவள் நிற்பாளா, கிண்டல் பண்ணினால் யாரிடம் வந்து சொல்வாள், சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி ஜெபிப்பாளா, மூடக் கூச்சப்படுவாளா. ஐந்து தாளுக்கு ஹால் டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு யார் தேர்வு வைப்பார்கள்?

"பரீட்சை முடியட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 24

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 29, கோயம்புத்தூர்

தமிழ்த் தாள். கேட் வாசலில் நின்றவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு இளகிவிட்டது. கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு உள்ளே போன ஒரு பெண். செக்யூரிட்டி சட்டையோடு ஒரு நடுவயது மனிதர், ஷிப்டு முடிந்து நேராக வந்திருப்பார். சக்கர நாற்காலியில் ஒரு பையன். எல்லோருக்கும் பத்தாம் வகுப்புதான். என் மகள் பள்ளிக்கூடம் என்று ஒரு வாசலுக்குள் நுழைந்தது இதுவே முதல் முறை. உள்ளே போகும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

ஐந்தரைக்கு வெளியே வந்ததும் "ஈஸிம்மா" என்றாள். யாரோ ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டே வந்தாள். அந்தப் பெண் தன் ரப்பரைப் பாதி வெட்டி இவளுக்குக் கொடுத்திருக்கிறாள்.

தம்பி பெண்டாட்டி, "இவ்ளோ கஷ்டம் எதுக்கு அண்ணி, ஒழுங்கா ஸ்கூல்ல போட்டிருந்தா ஆகாதா?" என்றாள். கேட்டுவிட்டு, பெரியவளுக்கு மட்டும் தனியாக முட்டைத் தோசை சுட்டுக் கொடுத்தாள்.

அக்டோபர் 31

தீபாவளி. பக்கத்து வீட்டுப் படுகப் பாட்டி முறுக்கு கொண்டுவந்தார். மழையில் ஒரு வெடிகூடப் பிடிக்கவில்லை. 9 மி.மீ.

நவம்பர் 2

அந்த அரை ரப்பர் பெரியவளின் பென்சில் டப்பாவில் இருக்கிறது. பத்திரமாக, பேப்பரில் மடித்து.

நவம்பர் 4

118 மி.மீ. பாட்டில் விளிம்பு வரை வந்துவிட்டது. 115.6 தாண்டினால் மிகக் கனமழை. இன்று சின்னவன் சத்தமே போடவில்லை, எண்ணை எழுதி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. அவர் கீழே மேட்டுப்பாளையத்தில் மாட்டிக்கொண்டார். மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு வண்டியிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். நாளை மறுநாள் கணக்குத் தாள். கரண்ட் இல்லை. பெரியவள் மெழுகுவத்தியில் இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

போனில் அவரிடம் சொல்லிவிட்டேன், பதினொன்றாவது விஷயத்தை. ரோடு அடைத்திருக்கும் நேரத்திலா என்று தோன்றியது, ஆனாலும் வாய் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. மழைச் சத்தம்தான் இரண்டு பக்கமும். அப்புறம், "அவ என்ன படிக்கணும்னு சொல்றா?" என்றார். லேப் என்றேன். "சரி, ஜெபிப்போம்" என்றார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

நவம்பர் 5

குன்னூர் சுற்றிப் போகிறோம். மலை ரயில் ரத்து, பர்லியாறு வழி பஸ் ஓடுகிறதாம். சின்னவனைப் படுகப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும்.

நவம்பர் 6, கோயம்புத்தூர்

கணக்கு முடிந்தது. ஒரு கேள்வியை விட்டுவிட்டாள், மற்றதெல்லாம் எழுதியிருக்கிறாள். அவர் மேட்டுப்பாளையத்திலிருந்து நேராக மையத்துக்கே வந்து நின்றார், தாடி வளர்ந்து, சட்டையில் கேரட் மண்ணோடு. ரப்பர் கொடுத்த பெண்ணை அப்பாவிடம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள் பெரியவள். அந்தப் பெண் "வணக்கம் அங்கிள்" என்றதும் அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

நவம்பர் 8

ரோடு ஒரு பக்கம் திறந்துவிட்டார்கள். வீடு வந்தோம். சின்னவன் படுகப் பாட்டிக்குத் தாலெத் எட்டு வசனமும் சொல்லிக்காட்டியிருக்கிறான். பாட்டி அவனுக்கு அவரைக்காய் உரிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

நவம்பர் 9

அறிவியல் 12-ஆம் தேதி. மறுபடி ஆரஞ்சு அலர்ட் என்கிறார்கள், அதனால் திங்கள் காலையே இறங்கிவிட வேண்டும். ஸ்வெட்டர் எதுவும் காயவில்லை. சின்னவன் ஹே ஆரம்பித்துவிட்டான். பெரியவள் செல்லின் படத்தை வரைந்து பாகம் குறித்துக்கொண்டிருக்கிறாள்.

வெங்காயத் தோல் பார்க்க மைக்ராஸ்கோப் என்ன விலை என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன் அவரிடம். அது வேறு, அவள் கேட்டது வேறு என்பது தெரியும். இன்று ராத்திரி ஜெபம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும்.